மல்லாரிக்கு எந்த இயர்போன்? தஞ்சாவூரில் மூன்றை வைத்துக் கேட்டோம்

அரசலாறு | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் நல்ல இயர்போன் ஒன்று வாங்கப் போகிறேன். ஒரு லட்சத்தைத் தாண்டும் பொருளை, யாரோ எழுதியதைப் படித்துவிட்டு மட்டும் வாங்க மனம் வரவில்லை. நேற்று தஞ்சாவூரில் நண்பர் வீட்டு மாடியில் நாலு பேர் கூடி, கைக்குக் கிடைத்த மூன்றைக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை மாற்றி மாற்றிக் கேட்டோம்.

ஒன்று, சென்ஹைசர் ஐ.இ. 900. அலுமினிய உடல், உள்ளே 7 மி.மீ. டைனமிக் டிரைவர் (படலம் அதிரும் குட்டி ஒலிபெருக்கி) ஒன்றே ஒன்று. இரண்டு, 64 ஆடியோ யூ12டி. காதுக்குப் பன்னிரண்டு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள் (இன்னொரு வகை, இன்னும் சின்ன ஒலிபெருக்கிகள்). மூன்று, எட்டிமோட்டிக் இ.ஆர்.4 எஸ்.ஆர். ஒற்றை ஆர்மேச்சர், விலையில் மற்ற இரண்டின் அருகில்கூட வராது. நண்பர் அதைப் பல வருடமாக வைத்திருக்கிறார், ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டோம்.

கேட்ட ஒலிப்பதிவுகளும் மூன்றுதான். எங்கள் ஊர்க் கோயிலில் வைகாசி உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போது நானே எடுத்த மல்லாரி: இரண்டு நாயனம், இரண்டு தவில். அடுத்து ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் குரல், பின்னால் தம்பூரா. கடைசியாக ஒரு தனி வீணை.

ஐ.இ. 900இல் தவில்தான் ராஜா. இடப்பக்கத் தொப்பியில் கழி விழுந்ததும் ஒலி கீழே இறங்கி, தோல் தளர்ந்து அடங்குவது வரை கேட்கிறது. வலந்தலையில் விரல் கூடுகள் படும் 'டக்' தனியாகத் தெறிக்கிறது. நாயனம் மட்டும் இரண்டடி பின்னே போய் நிற்கிறது. நல்ல நாயனம்தான், ஆனால் பக்கத்து வீதியில் இருக்கிறது.

யூ12டி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. இரண்டு நாயனமும் ஒரே சுரத்தில் சேரும் இடத்தில்கூட இரண்டு மூச்சும் தனித்தனியாகத் தெரிந்தன. முன்னவர் நிறுத்தும்போது பின்னவர் அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறார் என்பதை என் பதிவில் நான் இதுவரை கவனித்ததே இல்லை. பெண் குரலில் எங்கும் உறுத்தல் கிடையாது.

இ.ஆர்.4 எஸ்.ஆர். வைத்த இரண்டாவது நிமிடமே கழற்றிவிட்டேன். நாயனம் காதைக் குத்தியது. மேல் ஷட்ஜமத்துக்குப் போனபோது தோள் தானாக உயர்ந்தது. தவிலில் தொப்பி இருக்கிறது, ஆனால் வயிறு இல்லை.

என் முடிவு இது. இந்த மூன்றாவதைப் போல 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியை ஏற்றி, மேடு வைத்து டியூன் செய்வது மேல்நாட்டுப் பாட்டுக்குப் பொருந்தலாம். நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஆகாது. நம் இசைக்கு அந்த இடம் தணிந்துதான் இருக்க வேண்டும். கிராஃப் படிப்பவர்கள் சொல்லுங்கள்.

எட்டு கிலோஹெர்ட்ஸ் | ஞாயிறு, இரவு 11.15

மன்னார்குடிக்காரன். வீட்டில் 711 கப்ளர் (காதுக் குழாய் போலச் செய்த அளவுக் கருவி) வைத்து இயர்போன்களை அளக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த 3 கிலோஹெர்ட்ஸ் மேடு யாரோ ஆசைக்கு வைத்தது இல்லை. காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்; ஒரு முனை திறந்தது, மறு முனையில் செவிப்பறை. இப்படிப்பட்ட குழாய் தன் நீளத்துக்கேற்ற ஒரு சுருதியில் தானே பாடும். நம் காதில் அது ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ். காது மடலும் கிண்ணமும் சேர்ந்துகொள்ள, எதிரே நின்று ஒருவர் பேசினால் செவிப்பறையில் அந்தப் பகுதி பதினைந்து டெசிபல் அளவுக்கு ஏறித்தான் விழுகிறது. பிறந்ததிலிருந்து இதைத்தான் 'இயல்பு' என்று கேட்கிறோம். இயர்போனை உள்ளே வைத்ததும் குழாயின் வாயை அடைத்துவிடுகிறோம், மடலுக்கும் வேலை இல்லை. இழந்த ஏற்றத்தை இயர்போனே போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும்.

எவ்வளவு போடுவது என்பதில்தான் சண்டை. எட்டிமோட்டிக்காரர்கள் 1991இல் முதல் இ.ஆர்.4ஐக் கொண்டுவந்தபோதே, எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வரும் இடத்தில் செவிப்பறை என்ன கேட்குமோ அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2013 முதல் ஆட்களை உட்கார வைத்து, எது பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு வேறொரு கோடு வரைந்தார்கள். அதில் பேஸ் நன்றாக ஏறியிருக்கும். யூ12டி இரண்டையும் பின்பற்றவில்லை. நடுச் சுருதிகளின் மேல் பகுதியைத் தணித்து, கீழே இளஞ்சூடாக வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு உறுத்தவில்லை.

இரண்டு கேள்விகள். ஒலி அளவைச் சமன் செய்தீர்களா? யூ12டி 12.6 ஓம், இ.ஆர்.4 எஸ்.ஆர். 45 ஓம், ஒரே வால்யூமில் இரண்டும் ஒரே அளவு ஒலிக்காது. ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும், இரண்டு கூடினால் 'குத்துகிறது' என்று சொல்லும். அடுத்தது, எட்டிமோட்டிக்கின் மூன்றடுக்கு டிப்பை, காதுக்குள் போகும் அந்த மெத்தென்ற முனையை, எவ்வளவு ஆழம் இறக்கினீர்கள்? பாதியில் நின்றால் பேஸ் முழுதும் ஒழுகிவிடும். 'வயிறு இல்லை' என்று எழுதியதைப் பார்த்தால் அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

அரசலாறு | திங்கள், காலை 6.50

காதால் கேட்டுத்தான் சமன் செய்தோம், கருவி கொண்டு செய்யவில்லை. டிப் முதல் அடுக்கோடு நின்றிருக்கலாம். முழுக்க இறக்கப் பயமாக இருந்தது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குத்தியது டிப்பினால் இல்லை அண்ணா. வீணையிலும் குரலிலும் அதே இயர்போன் குத்தவில்லை, நாயனத்தில் மட்டும்தான்.

பலாக்கட்டை | திங்கள், காலை 10.20

தஞ்சாவூரில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். இயர்போனைப் பற்றி என் மாணவர்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது, டியூனிங் பற்றி ஒரு வார்த்தை.

வீணையில் விரல் வைக்கும் இருபத்து நான்கு உலோக மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டுபவர் மெழுகைச் சூடாக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி நிறுத்துவார். ஒரே வீணையை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு வீணையாகத் திரும்பி வரும். அந்தர காந்தாரத்தை ஒருவர் சற்றுத் தாழ்த்தி வைப்பார், இன்னொருவர் ஏற்றி வைப்பார். இருவரும் தவறு செய்யவில்லை. அவரவர் காது அது. எட்டு கிலோஹெர்ட்ஸ் தம்பி சொன்ன மூன்று கோடுகளையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் தம்பூராவைப் பின்னணி என்று ஒதுக்கிவிட்டீர்கள், அரசலாறு. எனக்கு அதுதான் பரீட்சை. குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல் வைப்போம். ஜீவா என்று அதற்குப் பெயர். நூல் சரியான இடத்தில் இருந்தால், மீட்டியவுடன் ஒலி மூடியிருக்கும், பிறகு மெல்ல விரியும், விரிந்து உச்சத்தில் ஒரு காந்தாரம் தானாகப் பேசும், பிறகு அடங்கும். நூல் அரிசி முனை அளவு நகர்ந்தாலும் இந்த மலர்ச்சி போய்விடும். மேல் சுருதிகளை எங்கோ ஓரிடத்தில் தூக்கி வைத்த இயர்போனில் தம்பூரா மீட்டியதிலிருந்தே தேனீக் கூடு போல இரைந்துகொண்டிருக்கும், விரிவதே தெரியாது. மேலே மழுங்கியதில் மொட்டாகவே நின்று உதிரும். மூன்றில் எதில் விரிந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு தந்தியை மட்டும் பின்தொடருங்கள். நடுவில் உள்ள சாரணி வேண்டாம், கீழ் ஷட்ஜமமான மந்தரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோடி | திங்கள், பிற்பகல் 2.05

தம்பி, மைக் எங்கே இருந்தது?

அரசலாறு | திங்கள், பிற்பகல் 2.30

முன்னால் நடந்துகொண்டே எடுத்தேன் ஐயா. கையடக்க ரெக்கார்டர். நாயனத்துக்கு மூன்றடி தூரம், அதன் அகன்ற வாயான அனசுக்கு நேராக. கூட்டத்தின் இரைச்சல் விழக்கூடாது என்று அவ்வளவு அருகில் போனேன்.

தோடி | திங்கள், இரவு 10.45

நான் நாயனம் வாசிப்பவன். நாற்பது வருடமாக வாசிக்கிறேன். இங்கே எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பேன். இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றடியில், அனசுக்கு நேராக, எவரும் நாயனம் கேட்பதில்லை தம்பி. என் சீடன் என் பக்கவாட்டில் நிற்பான். தவில்காரர் தோளோடு நிற்பார். சுவாமி பின்னால் வருவார். முன்னே போகிறவர்கள் தீவட்டிக்காரர்கள். அவர்களும் இருபது தப்படி தள்ளித்தான் போவார்கள். ஜனங்கள் திண்ணையில், மாடியில், வீதி மூலையில் நின்று கேட்பார்கள். நாயனம் அப்படிக் கேட்பதற்காகச் செய்த வாத்தியம். ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் உடலான உலவு செய்து, காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில், உதட்டில் வைத்து ஊதும் சீவாளி கட்டி, நாலு வீதிக்கும் எட்ட வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். அதன் வாய்க்கு நேரே காதை வைத்துக்கொண்டு குத்துகிறது என்றால், குத்தத்தான் செய்யும்.

நரசிங்கம்பேட்டையில் பாரி நாயனம் பிறந்த கதை எங்களுக்குப் பாடம். முன்பு எல்லோரும் திமிரி வாசித்தார்கள். குட்டை, சுருதி ஏற்றம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களுக்காக ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரியைச் செய்து கொடுத்தார். சுருதி இறங்கியது, சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. நீளத்தையும் துளைகளையும் மாற்றி மாற்றித்தான் அந்த நாதத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவும் டியூனிங்தான். விரல் வைக்கும் ஏழு துளைக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் எதை மெழுகால் அடைப்பது, எதை விடுவது என்பதில் நாதம் மாறும். ஒரு கடுகளவு மெழுகு போதும்.

ஆகையால் அந்த மூன்றாவது இயர்போனைக் குறை சொல்லும் முன், அது எதைக் காட்டியது என்று பாருங்கள். நீங்கள் எங்கே நின்றீர்களோ, அதை அப்படியே காட்டியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மாயவரம் மைக்செட் | செவ்வாய், காலை 8.10

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மைக்செட். நாயனத்துக்கு மைக் வைப்பதில் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம், அனசுக்கு முன்னால் வைக்காதே என்பது. உலவின் நடுவில், துளைகளுக்கு மேலே ஓர் ஆள் கை நீளம் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். அங்கே வைத்தால் நாதம் வரும். முன்னால் வைத்தால் சீவாளி மட்டும்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர்கள் பலரும் நாயனத்தை நேரில் கேட்டதைவிடக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டதுதான் அதிகம். கல்யாண வீட்டில் தென்னை மரத்தில் கட்டிய குழாய், விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். அந்தக் குழாயில் தொப்பி வரவே வராது, மேலேயும் கிடையாது, நடுவில் இருப்பதை மட்டும் கத்தும். நாயனம் என்றாலே அந்த ஒலிதான் என்று காது பழகிவிட்டது. அதனால்தான் நல்ல இயர்போனில் தவிலைக் கேட்டால் 'பேஸ் அதிகம்' என்று சிலர் சொல்கிறார்கள். அதிகம் இல்லை. தவில் அப்படித்தான் இருக்கும்.

எட்டு கிலோஹெர்ட்ஸ் | செவ்வாய், இரவு 9.30

தோடி ஐயா, வணங்குகிறேன். நான் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

கணக்கு ஒன்று சேர்க்கிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மூன்றடியிலிருந்து நாற்பத்தெட்டு அடிக்குப் போனால் 24 டெசிபல். அரசலாறு அந்தப் பதிவை எந்த அளவில் கேட்டார் என்பதே பாதி விஷயம். காற்று மேல் சுருதிகளைத் தின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள்; ஐம்பது அடிக்குள் அது மிகக் குறைவு. பெரிய வித்தியாசம் திசைதான். துளையுள்ள எந்தக் குழல் வாத்தியத்திலும் கீழ்ச் சுருதிகள் திறந்த துளைகள் வழியே நாலா பக்கமும் போகும். ஓர் எல்லைக்கு மேற்பட்டவை துளைகளைத் தாண்டி ஓடி, வாய் வழியாக நேர்க்கோட்டில் பாயும். அனசுக்கு நேரே நிற்பவருக்கு அந்தப் பாய்ச்சல் முழுதும் விழும், பக்கத்தில் நிற்பவருக்கு விழாது. மைக்செட் அண்ணன் அப்பா இதைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

அந்தப் பாய்ச்சல் விழுகிற இடத்தை யூ12டி தணித்துக் காட்டியது, இ.ஆர்.4 காட்டிக்கொடுத்தது. இவ்வளவுதான் நடந்திருக்கிறது.

திருவாரூர் ஆசிரியர் | புதன், காலை 5.55

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன், வயது அறுபத்தெட்டு. சென்ற மாதம் காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். 2000 ஹெர்ட்ஸ் வரை குறையில்லை. 4000இல் 40 டெசிபல், 8000இல் 60 டெசிபல் இழப்பு என்று தாளில் இருக்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து யூ12டி வாங்கி வருகிறேன் என்கிறான். தம்பூராவின் மலர்ச்சி பற்றி அம்மா எழுதியதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. எனக்கு அது இனி கேட்குமா? வாங்கச் சொல்லவா, வேண்டாமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

எட்டு கிலோஹெர்ட்ஸ் | புதன், காலை 8.40

ஐயா, மழுப்பாமலே சொல்கிறேன். இந்த விலையில் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் நுணுக்கத்துக்குப் போகிறது. அது உங்களுக்கு எட்டாது. வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்பதற்கு நிறைய மிச்சம் இருக்கிறது. ஆண் குரலில் ஒரு கட்டை ஷட்ஜமம் சுமார் 130 ஹெர்ட்ஸ், பெண் குரலில் ஐந்தரைக் கட்டை சுமார் 207. ராகத்தின் உடம்பு முழுதும் உங்கள் நல்ல எல்லைக்குள்தான் நடமாடுகிறது. முப்பதாயிரத்துக்குள் காதுக்கு நன்றாகப் பொருந்தும் ஒன்றை வாங்கி, போனில் ஈக்குவலைசர் செயலி போட்டு, 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். தாளில் உள்ள இழப்பு முழுவதையும் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பாதிக்கும் குறைவாகவே ஏற்றுங்கள். மொத்த வால்யூமை ஏற்ற வேண்டாம். காது தாங்கும் நேரம் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்றால், 88இல் நாலு மணி நேரம், 91இல் இரண்டு. அந்தக் கணக்கை நீங்கள் எனக்குச் சொல்லித்தர முடியும். பேச்சும் தெளிவில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் காது கேட்கும் கருவி பற்றிக் கேளுங்கள். அது இயர்போனைவிட முக்கியம்.

பலாக்கட்டை | புதன், முற்பகல் 11.30

ஆசிரியர் ஐயா, தம்பூராவில் தானாகப் பேசும் காந்தாரம் 8000இல் இல்லை, மிகவும் கீழே இருக்கிறது. உங்களுக்குக் கேட்கும். சரிகை போல மினுங்கும் மேல் ஓரம் மட்டும் குறையலாம். வீட்டுக்கு வாருங்கள், நேரில் மீட்டிக் காட்டுகிறேன்.

வெட்டாறு | வியாழன், இரவு 7.20

பேச்சுக்கு நடுவே ஓர் உதவி வேண்டும். ஒரு கடையில் வாங்கிய பழைய இயர்போன், ஆர்மேச்சர் வகை. பதினைந்து நாளில் இடது பக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. கடையில் கேட்டால் பொருள் சரியாகத்தான் கொடுத்தோம் என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

எட்டு கிலோஹெர்ட்ஸ் | வியாழன், இரவு 8.00

சண்டைக்குப் போகும் முன் இயர்போனின் மூக்குப் பகுதியில் இருக்கும் சல்லடையை வெளிச்சத்தில் பாருங்கள். நம் பக்கத்து ஐப்பசிக் காற்றில் ஈரம் அப்படிப்பட்டது. அழுக்கும் வியர்வையும் சேர்ந்து அந்தச் சல்லடையில் மெல்லிய ஏடு கட்டிவிடும். டிரைவர் நன்றாக இருக்கும், வாசல் மட்டும் அடைத்திருக்கும். இயர்போனையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் மூடிய டப்பாவில் போட்டு இரண்டு நாள் விடுங்கள். அரிசியில் புதைக்கவே வேண்டாம். தவிட்டுத் தூள் உள்ளே போனால் எடுக்க முடியாது.

வெட்டாறு | ஞாயிறு, காலை 9.05

சரியாகிவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. கடைக்காரரிடம் பேசியதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டேன். நன்றி அண்ணா.

அரசலாறு | ஞாயிறு, இரவு 10.30

மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். வெறுங்கையோடு வரக்கூடாது என்று இருந்தேன்.

தோடி ஐயாவுக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். வீட்டுக்கு வரச் சொன்னார். கொல்லைத் தோப்பில் அவரும் சீடரும் நின்று அரை மணி நேரம் வாசித்தார்கள், கூட ஒரு தவில். மூன்று ரெக்கார்டர்கள் வைத்தேன். ஒன்று அனசுக்கு நேராக மூன்றடியில். ஒன்று மைக்செட் அண்ணன் சொன்னபடி பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில். மூன்றாவது இருபது தப்படி தள்ளி, கிணற்றடியில். மன்னார்குடி அண்ணன் கப்ளரோடு வந்து, மூன்று இயர்போன்களையும் அரை டெசிபலுக்குள் சமன் செய்து கொடுத்தார். எட்டிமோட்டிக் டிப்பைத் தண்ணீரில் நனைத்து, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, இரண்டாம் அடுக்கும் மறையும் வரை இறக்கினார். தோப்பில் அத்தனை கிளிகளும் ஒரே நொடியில் வாயை மூடியது போல இருந்தது.

கிணற்றடிப் பதிவை அதில்தான் முதலில் கேட்டேன். குத்தவில்லை. நாயனம் தன் இடத்தில் நின்றது. நான் சிறுவயதில் தேர்முட்டிப் படியில் உட்கார்ந்து கேட்டேனே, அந்த நாயனம். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் நாக்கு சீவாளியைத் தொடும் இடம் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை. பேஸும் வந்துவிட்டது, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றியதும் தொப்பிக்கு வயிறும் வந்தது.

அதே பதிவு யூ12டியில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. இருபது தப்படியில் நிற்பவரை முப்பது தப்படிக்கு அனுப்புகிறது. மூன்றடிப் பதிவில் எனக்கு இதமாக இருந்த அதே குணம் இங்கே நாதத்தை மெலிய வைக்கிறது. ஐ.இ. 900இல் தவில் மறுபடியும் அற்புதம், நாயனம் அடக்கம்.

எனவே 3 கிலோஹெர்ட்ஸ் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் மைக் நின்ற இடத்தின் குற்றத்தை இயர்போன் மேல் சுமத்திவிட்டேன்.

பலாக்கட்டை அம்மா, மந்தரத் தந்தியைப் பின்தொடர்ந்தேன். மலர்ச்சி மிக அழகாக இருந்தது யூ12டியில்தான். மீட்டி இரண்டு நொடி கழித்துக் காந்தாரம் எழுகிறது. எழும்போது தந்தியின் மற்ற ஒலிகள் அதற்கு வழி விடுவது போலக் கேட்கிறது. எட்டிமோட்டிக்கில் அது எழுகிறது, ஆனால் அந்த மேல் ஓர மினுக்கம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஐ.இ. 900இல் தொடக்கத்திலேயே கொஞ்சம் இரைச்சல் கலந்திருந்தது.

நான் கேட்பதில் முக்கால் பங்கு வாய்ப்பாட்டும் வீணையும். ஆகவே யூ12டியே வாங்கினேன். அதில் மாற்றிப் போடும் மாட்யூல்களில் எம்15 போட்டிருக்கிறேன். எம்20இல் பேஸ் கூடுதலாக வந்து தம்பூராவை மூடுகிறது. என் பதிவுகளைச் சரிபார்க்க நண்பரின் எட்டிமோட்டிக்கை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். நாயனம் அதில்தான் கேட்கிறேன்.

மாயவரம் மைக்செட் | ஞாயிறு, இரவு 11.00

பக்கவாட்டுப் பதிவு எப்படி வந்தது தம்பி? அதைப் பற்றி எழுதவே இல்லையே.

அரசலாறு | ஞாயிறு, இரவு 11.10

மூன்றில் அதுதான் சிறந்த பதிவு அண்ணா. எந்த இயர்போனிலும் அது கெட்டுப்போகவில்லை. அடுத்த உற்சவத்துக்கு அப்படித்தான் எடுக்கப் போகிறேன். நடந்துகொண்டே அந்த இடத்தில் மைக்கை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் சொல்லித்தர வேண்டும்.

மாயவரம் மைக்செட் | ஞாயிறு, இரவு 11.20

மூங்கில் கழி போதும். நான் வருகிறேன்.

தோடி | திங்கள், காலை 6.15

அன்று தோப்பில் தம்பி என் காதிலும் அந்த மூன்றாவது இயர்போனை வைத்தார். ஒரு விஷயத்தை அவர் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

என் இடப்பக்கம்தான் எப்போதும் தவில் நிற்கும். நாற்பது வருடம். இடது காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம் விழுந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மன்னார்குடித் தம்பி இடது பக்கத்தை மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். பல வருடத்துக்குப் பிறகு என் நாயனம் இரண்டு காதுக்கும் நடுவில் வந்து நின்றது. அதுவரை அது எப்போதும் வலப்பக்கம் சாய்ந்துதான் கேட்கும். அப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிணற்றடிப் பதிவில் பதினோராவது நிமிடம், பஞ்சமத்திலிருந்து இறங்கும் ஓரிடத்தில் நாதம் உடைகிறது. அரை நொடி. வாசித்தபோது எனக்குக் கேட்கவில்லை, சீடனும் சொல்லவில்லை. சீவாளி ஒரு ஓரத்தில் காய்ந்திருக்கிறது. வீட்டுக்குள் போய் அதைச் செருகும் உலோகக் கெண்டையிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், உதட்டுப் பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். நேற்று திருவாவடுதுறைக்குப் போய்ப் புதிதாக ஆறு வாங்கி வந்திருக்கிறேன். இரண்டு இன்னும் முரட்டுத்தனமாகப் பேசுகின்றன. நாலு நாள் ஊறினால் பழகும்.

தம்பி, அடுத்த ஞாயிறு வரும்போது அந்த மூன்றாவதை எடுத்து வாருங்கள். கிணற்றடியிலேயே ரெக்கார்டரை வையுங்கள்.